நள்ளிரவு விமானத்தில் உண்பதா, உறங்குவதா?

அத்திபெலேயிலிருந்து கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாநில எல்லையை ஒட்டிய இவ்வூர் பெங்களூருவின் தென்கோடி. தேவனஹள்ளியை அடுத்த விமான நிலையமோ வடகோடி. எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என நகரின் முழு நீளத்தையும் கடந்த பின்னரே விமானத்தைக் காண இயலும். 2008 மே மாதம் வரை பழைய எச்.ஏ.எல். நிலையமே பயன்பாட்டில் இருந்தது. அப்போது இத்தொலைவில் பாதிகூட இல்லை. ஓசூரில் புதிய விமான நிலையம் அமைக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2024 ஜூன் மாதத்தில் அறிவித்ததை இப்பகுதியினர் ஆவலுடன் வரவேற்றதற்கு இதுவே காரணம். அது வரும்போது வரட்டும். இன்றைய நிலையைப் பார்ப்போம்.

பெங்களூருவிலிருந்து பிராங்க்பர்ட் செல்லும் விமானம் பின்னிரவில், 3 மணியை ஒட்டிப் புறப்படுகிறது. அதற்கு நம் ஊர்த் தொழில்முனைவோர் இரவு 9 மணிக்கே காரில் ஏறுகிறார். ஏறுமுன் 8 மணிக்கு வீட்டில் சாப்பாடு. "வழியில் பசிக்கும்" என்று இல்லத்தார் வற்புறுத்தியதால் ஒரு தோசை கூடுதல். குடியேற்றச் சோதனையும் பாதுகாப்புச் சோதனையும் முடிந்து, 12 மணிக்கு மேல் லவுஞ்சில் ஒரு தட்டு. விமானம் மேலெழுந்ததும் விடியற்காலை 4 மணிக்கு வெள்ளைத் துணி விரித்து மூன்றாவது விருந்து. இறங்குவதற்குச் சற்று முன்பு காலைச் சிற்றுண்டி. ஆக, ஒரே இரவில் நான்கு வேளை உணவும் மூன்று மணி நேர உறக்கமும் கொண்டவராக அவர் ஜெர்மனியில் இறங்குகிறார். அங்கே அப்போது காலை 8 அல்லது 9 மணி. வேலை நாள் தொடங்கிவிட்டது.

இதில் வங்கி அலுவலருக்கு என்ன அக்கறை என்று வாசகர் வினவலாம். அத்திபெலேத் தொழிற்பேட்டையிலும் எல்லைக்கு அப்பால் ஓசூர் சிப்காட்டிலும் வாகன உதிரிபாகங்களும் இயந்திர பாகங்களும் செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் ஏராளம். அவற்றின் உரிமையாளர்கள் ஹனோவரில் நடைபெறும் எமோ இயந்திரக் கண்காட்சிக்கோ, இயந்திர உற்பத்தியாளரின் ஆலைக்கோ செல்வது வழக்கம். அங்கு அவர்கள் பேசி முடிக்கும் விலையும், முன்பணத்தின் அளவும், உத்தரவாதக் காலமும் பின்னர் காலக்கடன் விண்ணப்பமாக எங்கள் மேசைக்கு வருகின்றன. விலைப்புள்ளியின் மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனையைப் படிக்க வேண்டியவர் இரவெல்லாம் கண் விழித்தவராக இருந்தால் அதன் விளைவு ஐந்து ஆண்டுத் தவணைகளில் தெரியும்.

பிசினஸ் கிளாஸ் என்னும் வர்த்தக வகுப்பு 1970களின் இறுதியில் உருவானது. அக்காலத்தில் அது சற்றே அகன்ற இருக்கையும் நல்ல உணவும் மட்டுமே. இருக்கை சாயும், ஆனால் படுக்கையாகாது. இரவு முழுவதும் அரைகுறையாகச் சாய்ந்திருந்தவருக்கு உணவு ஒன்றே ஆறுதலாக இருந்தது. எனவே விமான நிறுவனங்களும் தம் பெருமையை உணவுப் பட்டியலில் காட்டின. முழுவதும் தட்டையாக விரியும் படுக்கையை வர்த்தக வகுப்பில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. பின்னர் ஏனைய பெரிய நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. படுக்கை வந்துவிட்டது, நள்ளிரவு விருந்து மட்டும் பழைய வழக்கமாகத் தொடர்கிறது. இதனை உணர்ந்த அதே நிறுவனம், நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு இரவில் பறப்போருக்குப் புறப்படுமுன் லவுஞ்சிலேயே இரவு உணவு அளித்து, விமானத்தில் உறங்க விடும் ஏற்பாட்டைச் செய்தது. நாம் கற்க வேண்டிய பாடம் அங்கேயே உள்ளது என்பது என் கருத்து.

எங்கள் கிளை வாடிக்கையாளர் ஒருவர் இதனை ஒப்புக்கொள்ளவில்லை. "சார், டிக்கெட்டுக்கு இவ்வளவு கொடுத்துட்டு சாப்பிடாம படுத்தா எப்படி? காசு வீண்தானே?" என்றார். வணிகவியல் படித்தவனுக்கு இக்கேள்வி மிகவும் பிடித்தமானது. செலுத்திய கட்டணம் செலுத்தியதுதான்; உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஒரு ரூபாயும் திரும்பாது. எனவே கட்டணத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. விமானத்தில் உண்மையிலேயே பற்றாக்குறையாக இருப்பது நேரம் ஒன்றே.

கணக்கைப் பார்ப்போம். சாதாரண வகுப்புக்கும் வர்த்தக வகுப்புக்கும் உள்ள வேறுபாடு, எடுத்துக்காட்டாக, ஒருவழிக்கு 1,20,000 ரூபாய் எனக் கொள்வோம். பறக்கும் நேரம் 10 மணி. மேலெழுந்து நிலைபெறவும், இறங்குமுன் எழுந்து ஆயத்தமாகவும் இரண்டரை மணி நேரம் போக, படுக்கைக்கு எஞ்சுவது ஏழரை மணி நேரம். வேறுபாடு முழுவதையும் படுக்கையின் கணக்கில் எழுதினால் மணிக்கு 16,000 ரூபாய். முன் உணவு, முதன்மை உணவு, இனிப்பு, பாலாடைக்கட்டி, காபி என்று விருந்து இரண்டு மணி நேரம் நீண்டால் அதன் வாய்ப்புச் செலவு 32,000 ரூபாய். எம்.ஜி. சாலையின் எந்த உணவகத்திலும் ஒரு தனிமனிதச் சாப்பாட்டுக்கு இத்தொகையை நம் வாடிக்கையாளர் கொடுக்க மாட்டார்.

கணக்கோடு கணக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் வர்த்தக வகுப்புப் பயணச்சீட்டுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்துள்ளது. சாதாரண வகுப்புக்கு 5 விழுக்காடே. தொழில் தொடர்பான பயணமாயின், முன்பதிவின்போதே நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிவு செய்து, விமான நிறுவனத்தின் வரிப் பட்டியலைப் பெற்று, உள்ளீட்டு வரி வரவைக் கோரலாம். பலர் எண்ணைக் குறிப்பிட மறந்து இத்தொகையை இழக்கின்றனர். விருந்தைத் தவறவிட்டதற்கு வருந்துவோர் இதற்கல்லவா வருந்த வேண்டும்!

உணவின் தரத்தையும் நோக்குவோம். விமான உணவு தரையில் சமைக்கப்பட்டு, குளிரூட்டப்பட்டு, மேலே மீண்டும் சூடாக்கப்படுவது. அதனினும் முக்கியமானது, மேலே நம் நாக்கு தரையில் இருந்த நாக்கு அன்று. விமான அறையின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உள்ளதற்கு ஈடானது. அதாவது ஊட்டியின் உயரத்தை ஒட்டியது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. மூக்கு உலர்ந்து மணம் குன்றுகிறது. ஜெர்மனியின் ஹோல்ஸ்கிர்ஹனில் உள்ள பிரான்ஹோபர் ஆய்வு நிலையத்தில், குறை அழுத்தக் குழாய்க்குள் ஒரு விமானத்தின் உடற்பகுதியையே வைத்து லுப்தான்சாவுக்காகச் சோதித்தனர். உப்பையும் இனிப்பையும் உணரும் திறன் அங்கே மங்குவது தெரிய வந்தது. தக்காளிச் சாறு மட்டும் தரையில் இருப்பதைவிட மேலே சுவையாகத் தோன்றியது. நம் ரசம் அங்கே நன்றாகவே எடுபடும் என்பது என் ஊகம். ஆயினும் விடியற்காலை 4 மணிக்கு அதனைச் சோதிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உயரே அழுத்தம் குறைவதால் குடலில் உள்ள வாயுவும் கால் பங்குக்கு மேல் விரிகிறது. ஆகவே கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றைப் புறப்படும் நாளில் வீட்டிலேயே தவிர்ப்பது நலம். நிறைய உண்ட உடனே தட்டையாகப் படுத்தால் நெஞ்செரிச்சல் வருவதற்கு விமானம் தேவையில்லை, வீட்டிலும் வரும்.

உணவைவிடக் கருதத்தக்கது மது. இலவசமாகக் கிடைக்கிறதென்றும், உறக்கம் வருமென்றும் பலர் ஏற்கின்றனர். ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தினர் கொலோனில் நடத்தி, 2024 ஜூன் மாதத்தில் தோராக்ஸ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் 18 முதல் 40 வயதுக்குட்பட்ட, உடல்நலம் மிக்க 48 பேர் பங்கேற்றனர். விமான அறைக்கு ஈடான அழுத்தத்தில், ஏறத்தாழ இரண்டு குவளை ஒயின் அளவு மது அருந்தி நான்கு மணி நேரம் உறங்கியோரின் குருதி ஆக்சிஜன் அளவு 85 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88 வரை ஏறியது. தரையில் மது இன்றி உறங்கியோருக்கு இவை முறையே 96, 64. உறங்கும்போதே இதயம் படியேறிக்கொண்டிருக்கிறது எனலாம். நாற்பதைக் கடந்த, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணும் நம் வாடிக்கையாளர்கள் இந்த எண்களை நினைவில் கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர்ப் பயணத்தில் கேள்விக்கே இடமில்லை. இரவு 11 மணியை ஒட்டிப் புறப்படும் விமானம் நான்கரை மணி நேரத்தில் சென்று சேர்கிறது. கடிகாரம் இரண்டரை மணி முன்னே நகர்வதால் இறங்கும்போது அங்கு விடியற்காலை ஆகிவிடும். உண்டால் ஒன்றரை மணி உறக்கம். உண்ணாவிட்டால் மூன்று மணி. லவுஞ்சில் தயிர்சாதம் கிடைத்தால் உண்டு ஏறுவதே சிறப்பு. நும் வங்கி அட்டையில் பன்னாட்டு லவுஞ்ச் வசதி உள்ளதா, அதற்குக் குறைந்தபட்சச் செலவு நிபந்தனை உண்டா என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்க. வர்த்தக வகுப்புப் பயணிக்கு அனுமதி சீட்டிலேயே உண்டு. அட்டையின் தேவை உடன் வரும் சாதாரண வகுப்பு ஊழியருக்கே.

எல்லோருக்கும் உறக்கமே விதி என நான் சொல்லவில்லை. இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர் உணவைத் தாமாகவே தவிர்க்கலாகாது. மருந்து வேளையை மருத்துவரிடம் முன்னரே கேட்டு, அதற்கேற்ப உண்ண வேண்டும். வெளிநாட்டில் வாழும் மகன் சீட்டு வாங்கி அனுப்ப, முதன்முறையாக இவ்வகுப்பில் பறக்கும் பெற்றோரின் கணக்கும் வேறு. அவர்களுக்கு மறுநாள் காலை கையெழுத்திட ஒப்பந்தம் ஏதுமில்லை. அவர்கள் நன்கு உண்டு, பட்டியலில் உள்ள ஐஸ்கிரீமையும் கேட்டு வாங்கி, விடிய விடியக் கதை பேசிச் செல்லட்டும். மகன் வீட்டில் பகலில் உறங்கலாம்.

தொழில் நிமித்தம் செல்வோருக்குச் சில நடைமுறைகள். சைவ உணவை 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்தால் அது பொதுவாக மற்றவர்களுக்கு முன்னதாகவே வந்துவிடும். உண்டே தீர வேண்டியவருக்கும் ஒரு மணி நேரம் மிச்சம். ஏறியவுடன் பணியாளரிடம், "எனக்கு இரவு உணவு வேண்டாம், இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு எழுப்புங்கள்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து விரைந்து தருமாறு கேட்பதற்கும் கூச்சம் வேண்டா. பல நிறுவனங்களில் அவ்வழக்கம் உண்டு. இருக்கைப் பட்டியைப் போர்வைக்கு மேலே தெரியுமாறு பூட்டிக்கொண்டால், விமானம் குலுங்கும்போது அதைச் சரிபார்க்க எவரும் தட்டி எழுப்ப மாட்டார்.

திரும்பும் பயணத்தில் யாவும் தலைகீழாகின்றன. பிராங்க்பர்ட்டிலிருந்து பெங்களூரு விமானம் அங்கு நண்பகலை ஒட்டிப் புறப்பட்டு இங்கு நள்ளிரவுக்குப் பின் வந்து சேர்கிறது. உடலுக்கு அது பகல். படுத்தாலும் உறக்கம் பிடிக்காது. வேலையும் முடிந்துவிட்டது. அப்போது வெள்ளைத் துணி விரிக்கட்டும். பட்டியல் முழுவதையும் நிதானமாகச் சுவைக்கலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஆளரவமற்ற ஹெப்பாள் மேம்பாலத்தைக் கடந்து அத்திபெலே சுங்கச்சாவடியை நெருங்கும்போது விடியற்காலை 4 மணி ஆகியிருக்கும். அந்நேரத்துக்கு வீட்டில் எவரும் சமைத்து வைத்திருக்கப் போவதில்லை.