'வரவில்லை' என்பதற்கு ஆங்கிலம் யாது?

திருமலைக்கு நடந்தே ஏறும் அடியார்களில் பெரும்பாலோர் அலிபிரியிலிருந்து புறப்படுகின்றனர். ஏறத்தாழ 3,550 படிகள். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அவ்விடத்திற்குக் கன்னடரும் வடநாட்டாரும் வருவதால், ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காதபொழுது ஆங்கிலம் துணைக்கு வருகிறது. உடன் ஏறிய தந்தையார் கூட்டத்தில் பிரிந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். மேலே காத்திருக்கும் மகன், தமிழறியாத தொண்டர் ஒருவரிடம், 'அப்பா வரவில்லை' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'மை ஃபாதர் டிட் நாட் கம்' என்றால், தந்தை இம்முறை யாத்திரைக்கே வரவில்லை போலும் என்று எண்ணி அவர் வாளாவிருந்துவிடலாம். 'டஸ் நாட் கம்' என்றாலோ, அவருக்கு வரும் வழக்கமே இல்லை என்றாகிவிடும். 'ஹாஸ் நாட் கம் யெட்' என்றால்தான், இன்னும் வந்து சேரவில்லை, தேட வேண்டும் என்னும் பொருள் பிறக்கும்.

இந்த இடர்ப்பாடு மாணவரின் மந்தபுத்தியால் விளைவதன்று. நம் மொழியின் இயல்பால் விளைவது. உடன்பாட்டில் தமிழ் காலத்தை மறைப்பதில்லை: வந்தார், வருகிறார், வருவார். எதிர்மறையிலோ அக்கண்டிப்புத் தளர்ந்துவிடுகிறது. 'வாரான்' போன்ற எதிர்மறை வினைமுற்று முக்காலத்திற்கும் பொது என்பது இலக்கணம் கற்றோர் அறிந்ததே. அதில் ஆண்பால் தெரிகிறது, காலம் தெரியவில்லை. இன்று நாம் வழங்கும் 'வரவில்லை' பாலையும் இடத்தையுங்கூடக் களைந்துவிட்டது. நான், நீ, அவர்கள் ஆகிய அனைவர்க்கும் அது ஒன்றே. தெலுங்கின் 'ராலேது' என்பதும் இவ்வாறே எல்லார்க்கும் பொது. ஆயினும் 'ரானு', 'ராடு' என்னும் பழைய வகை எதிர்மறை அங்கே இன்றும் அன்றாடப் பேச்சில் உயிருடன் இருக்கிறது. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இவ்வெதிர்மறை அமைப்பைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். ஆகவே திருப்பதி மாணவரும் வேலூர் மாணவரும் ஆங்கிலத்தில் ஒரே படியில் வழுக்குவதில் வியப்பில்லை.

மழையை எடுத்துக்கொள்வோம். நேற்று மழை பெய்யவில்லை. இப்பொழுது மழை பெய்யவில்லை. இதுவரை மழை பெய்யவில்லை. தமிழில் வினை மாறவே இல்லை. காலத்தைச் சொல்லும் பொறுப்பு முன்னுள்ள சொல்லுக்குப் போய்விட்டது. ஆங்கிலத்திலோ முறையே 'டிட் நாட் ரெயின்', 'இஸ் நாட் ரெயினிங்', 'ஹாஸ் நாட் ரெயின்ட்' என மூன்று வடிவம் வேண்டும். 'பெய்வதில்லை' என்று வழக்கத்தைச் சொன்னால் 'டஸ் நாட் ரெயின்'. 'நாளை பெய்யாது' என்றால் 'வில் நாட் ரெயின்'. ஆனால் 'இங்கே கோடையில் மழை பெய்யாது' என்பதற்கு மறுபடியும் 'டஸ் நாட்' தான்! சொல்லைப் பார்த்து மொழிபெயர்ப்போர் இங்கே ஏமாறுவர்.

இனி, 'டூ' என்னும் துணைவினைக்கு வருவோம். 'ஹி கோஸ்' என்பதன் எதிர்மறை 'ஹி டஸ் நாட் கோ'; 'ஹி வென்ட்' என்பதன் எதிர்மறை 'ஹி டிட் நாட் கோ'. 'டிட் நாட் வென்ட்' என்று எழுதும் பிழை நம் நாட்டுப் பள்ளிகளில் தீராத நோய். அலிபிரியில் மூட்டையை ஒப்படைத்தால் தேவஸ்தானத்தார் அதைக் கட்டணமின்றி மலைமேல் சேர்ப்பிக்கின்றனர்; அடியார் வெறுங்கையோடு ஏறுகிறார். காலத்தையும் இடத்தையும் 'டூ'விடம் ஒப்படைத்த வினையும் அவ்வாறே வெறுமையாக நிற்க வேண்டும். ஒப்படைத்த மூட்டையை மறுபடி யாரேனும் சுமப்பரோ?

இவ்வமைப்பு நமக்கு முற்றிலும் புதியதென்று அஞ்ச வேண்டுவதில்லை. 'அவர் வரத்தான் செய்தார்' என்று அழுத்திச் சொல்கிறோமல்லவா? அங்கே 'வர' என்பது காலமின்றி நிற்க, 'செய்தார்' என்பது காலத்தைக் காட்டுகிறது. ஆங்கிலத்தின் 'ஹி டிட் கம்' அதுவேயாகும். நாம் அழுத்தத்திற்கு மட்டும் அழைக்கும் உதவியை ஆங்கிலம் எதிர்மறைக்கும் அழைக்கிறது. அம்மொழியிலும் இது தொன்மையான விதியன்று; 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'டூ' இன்றியே 'நாட்' வினைக்குப் பின் நிற்கும் இடங்கள் மிகப் பல. 'இஸ்', 'கேன்', 'வில்' முதலியவை இன்றளவும் 'டூ'வின் உதவியை நாடுவதில்லை. தாமே 'நாட்' என்பதை அருகில் சேர்த்துக்கொள்கின்றன.

அரசாங்க மொழிபெயர்ப்பில் பழகிய நமக்கு, 'கட்டவில்லை' என்னும் சொல் தலைவலி தரும் ஒன்று. 'மனுதாரர் பணம் கட்டவில்லை' என்று தமிழ் மனுவொன்றில் இருக்கிறது. கெடு முடிந்தும் கட்டாமல் விட்டார் என்றால் 'டிட் நாட் பே'. இன்னும் கட்டவில்லை, கெடு மீதமிருக்கிறது என்றால் 'ஹாஸ் நாட் பெய்ட்'. ஒன்றில் அவர் தவறியவர், மற்றொன்றில் அவருக்கு வழி இருக்கிறது. தமிழ் வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது. மனுவின் தேதியையும் கெடு முடியும் தேதியையும் புரட்டிப் பார்த்த பின்னரே ஆங்கில வினையை எழுதுகிறோம். தேதி இல்லையேல், கோப்பு ஒரு கேள்வியோடு வந்த இடத்திற்கே திரும்புகிறது.