குச்சிக்கிழங்கின் நஞ்சும் இழைமணி நொதியும்: நொதியிழப்பால் மரபணு வெளிப்பாட்டில் நேரும் மாற்றங்கள்

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆத்தூர், கெங்கவல்லி, இராசிபுரம், சேந்தமங்கலம் வட்டாரங்கள் மரவள்ளிச் சாகுபடிக்குப் பெயர்பெற்றவை. குமரி மாவட்டத்தில் மரச்சீனி என வழங்கும் இப்பயிர் இங்குக் குச்சிக்கிழங்கு எனப்படுகிறது. இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டு வரத்து தடைப்பட்ட 1940களில் சேலத்தில் வேரூன்றிய ஜவ்வரிசித் தொழிலும், 1981இல் தோன்றிய 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமும் இக்கிழங்கைச் சார்ந்தவை. இதே பயிரின் பச்சைத் தழையை மிகுதியாக மேய்ந்த ஆடுமாடுகள் சிறிது நேரத்தில் மூச்சுத்திணறி இறப்பதும் உண்டு. அந்நஞ்சு தாக்குவது ஓர் இழைமணி நொதியை; அதனை முறிப்பது மற்றோர் இழைமணி நொதி. இவ்விரண்டாம் நொதியை இழந்த சுண்டெலிகளின் திசுக்களில் நிகழும் மாற்றங்களையும், அவற்றைத் தமிழில் பிழையறக் கூறுவதற்குரிய சொற்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நஞ்சின் தோற்றமும் முறிவும்

மரவள்ளியில் லினமாரின் என்னும் சேர்மம் உள்ளது. அதனைச் சிதைக்கும் நொதியும் அதே செடியில் தனியிடத்தில் இருக்கிறது. இலை கசங்கும்போதோ கிழங்கு வெட்டுப்படும்போதோ இரண்டும் கலக்க, ஐதரசன் சயனைடு வெளிப்படுகிறது. தோலிலும் இலையிலும் நஞ்சின் அளவு மிகுதி. கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, நீரில் அலசி, மாவைப் படியவைத்து, வறுத்து எடுக்கும் ஜவ்வரிசிச் செய்முறையில் நஞ்சின் பெரும்பகுதி நீரோடும் ஆவியோடும் நீங்கிவிடுகிறது. தழையை உலர்த்திக் கால்நடைக்கு இடும்போதும் நஞ்சு குறைகிறது.

உடலுக்குள் புகும் சயனைடு, இழைமணியின் சைட்டோகுரோம் ஆக்சிடேசு என்னும் நொதியோடு பிணைந்து அதனை முடக்குகிறது. குருதியில் உயிர்வளி இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த இயலாமற் போகிறது. இதற்கு மாற்றாக உடலில் அமைந்திருப்பது ரோடனீசு நொதி. இது தயோசல்பேட்டிலுள்ள ஒரு கந்தக அணுவைச் சயனைடுக்கு மாற்றி, நச்சுத்தன்மை மிகக் குறைந்த தயோசயனேட்டாக ஆக்குகிறது. தயோசயனேட்டு சிறுநீரில் வெளியேறும். நஞ்சுண்ட கால்நடைக்கு மருத்துவர்கள் சோடியம் தயோசல்பேட்டை ஊசிவழிச் செலுத்துவதன் காரணம் இதுவே: இந்நொதிக்கு வேண்டிய கந்தகத்தை அம்மருந்து வழங்குகிறது.

1933இல் இந்நொதியைக் கண்டறிந்தவர் கொன்ராடு இலாங்கு. தயோசயனேட்டு இரும்பு உப்போடு சேர்ந்து செந்நிறம் தருவதால், ரோசாப்பூவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக அதற்கு ஜெர்மன் மொழியில் பெயர் அமைந்தது. அப்பெயரே நொதிக்கும் வந்தது. இன்று தயோசல்பேட்டு சல்பர்டிரான்சுபெரேசு என்னும் வினைவழிப் பெயரின் சுருக்கமாக டி.எஸ்.டி. என்றும் வழங்குகிறது.

நொதியை இழந்த சுண்டெலிகள்

இந்நொதிக்கு நஞ்சுமுறிப்புக்கு அப்பாலும் பணியுண்டு. கந்தகமுள்ள அமினோ அமிலங்களிலிருந்து உடலிலேயே உண்டாகும் ஐதரசன் சல்பைடை அகற்றும் பாதையில் இது பங்கேற்கிறது. மிகுந்த சல்பைடும் சயனைடைப் போலவே சைட்டோகுரோம் ஆக்சிடேசைத் தடுக்கும்.

60 தலைமுறைகளாக மெலிந்த உடலுக்கெனத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட சுண்டெலி வழியைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அவ்வெலிகளின் கொழுப்புச் செல்களில் டி.எஸ்.டி. மரபணுவின் வெளிப்பாடு உயர்ந்திருந்தது. கொழுப்புச் செல்களில் இதனைச் செயற்கையாக மிகுவித்த எலிகள் உணவால் வரும் பருமனிலிருந்தும் நீரிழிவிலிருந்தும் காக்கப்பட்டன. மரபணு நீக்கப்பட்ட எலிகளிலோ நீரிழிவு கடுமையாயிற்று. நஞ்சுமுறிப்பான் என்று மட்டும் அறியப்பட்டிருந்த நொதி, ஆற்றல் வளர்சிதை மாற்றத்திலும் பங்குடையது என்பது இதனால் தெளிவாயிற்று. மரபணு நீக்கத்தால் மூளையில் ஆக்சிசனேற்ற அழுத்தம் மிகுந்ததையும், என்.ஆர்.எஃப்.2 என்னும் புரதத்தின் செயற்பாடு பிறழ்ந்ததையும் 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இழைமணியிலிருந்து உட்கருவுக்கு

டி.எஸ்.டி. மரபணு இருப்பது உட்கருவில். அதன் நொதி பணியாற்றுவது இழைமணியில். அந்நொதி இல்லாதபோது ஏற்படும் விளைவு இழைமணியோடு நிற்பதில்லை. தேங்கும் சல்பைடும், வினைத்திறன்மிக்க ஆக்சிசன் சேர்மங்களும் புரதங்களின் கந்தகப் பகுதிகளை மாற்றக்கூடியவை. அத்தகைய புரதங்களுள் ஒன்று கீப்1. இயல்பான நிலையில் இது என்.ஆர்.எஃப்.2ஐப் பற்றி அழிவுக்கு அனுப்புகிறது. கீப்1 மாற்றமுற்றதும் பிடி தளர்கிறது, என்.ஆர்.எஃப்.2 உட்கருவை அடைந்து நச்சகற்றும் மரபணுக்களின் வெளிப்பாட்டை மிகுவிக்கிறது. இவ்வாறு ஒரு நொதியின் இன்மை, அதனோடு நேர்த்தொடர்பற்ற பல மரபணுக்களையும் தொடுகிறது.

இவ்விளைவு எல்லாத் திசுவிலும் ஒன்றன்று. நொதியின் இயல்பான அளவும், சல்பைடு உண்டாகும் வேகமும், ஆற்றல் தேவையும் திசுவுக்குத் திசு வேறுபடுகின்றன. ஆதலின் கல்லீரலில் கண்ட மாற்றத்தை மூளைக்கும் கொழுப்புக்கும் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

சொல்லாட்சியில் வேண்டிய வேறுபாடு

இப்பொருளைத் தமிழில் எழுதும்போது தடை, குறைபாடு, நீக்கம் என்னும் மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாக ஆளப்படுவது குழப்பம் தரும். சயனைடால் நேர்வது தடை: நொதி இருக்கிறது, இயங்கவில்லை. உணவில் கந்தக அமினோ அமிலம் குன்றும்போது நேர்வது மூலப்பொருட் குறைபாடு: நொதி இருந்தும் அதற்கு வேண்டிய கந்தகம் போதவில்லை. ஆப்பிரிக்காவில் சரிவரப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை உண்டு, புரதம் குறைந்த உணவால் வாழ்வோரிடம் காணும் கொன்சோ என்னும் கால்முடக்க நோய் இக்குறைபாட்டோடு தொடர்புடையது. ஆய்வக எலிகளில் நேர்வது நீக்கம்: நொதி தோன்றவேயில்லை, உடல் கருநிலை முதலே அவ்வின்மைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது.

மூன்றையும் 'நொதி செயலிழப்பு' என்றே எழுதினால், எலியில் கண்ட முடிவை மரவள்ளி உண்போர்க்கும் உரியதாக வாசகர் கொள்ள நேரும். மேற்சுட்டிய சுண்டெலி ஆய்வுகள் மரவள்ளி உணவைப் பற்றியவை அல்ல. அவ்வாறே 'மரபணு வெளிப்பாடு' என்பது மரபணுவின் இருப்பையன்று, அதிலிருந்து ஆர்.என்.ஏ.வும் புரதமும் உருவாகும் அளவைக் குறிப்பது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

முடிவுரை

கால்நடையைக் காக்கும் தயோசல்பேட்டு ஊசியும், நீரிழிவை ஆராயும் சுண்டெலிக் கூடமும் ஒரே நொதியைச் சார்ந்துள்ளன. அந்நொதியின் இழப்பு ஒரு வினையை நிறுத்துவதோடு அமையாமல், திசுக்கேற்ப உட்கருவின் மரபணு வெளிப்பாட்டையும் மாற்றியமைக்கிறது. இதனை உணர்த்தும் தமிழ் எழுத்து, தடையையும் குறைபாட்டையும் நீக்கத்தையும் பிரித்துக் கூறுதல் வேண்டும். குச்சிக்கிழங்கையும் ஆடுமாட்டையும் நம்பி வாழும் மக்களிடம் இவ்வறிவியல் திரிபின்றிச் சென்றடைய அப்பகுப்பு இன்றியமையாதது.