கோலார் தங்க வயலில் இரண்டு நாள்

விடுமுறை கிடைத்தால் மலைவாசத்தையோ கடற்கரையையோ நாடுவது நம்மவர் வழக்கம். சென்ற சனிக்கிழமை நாம் அவ்வழக்கத்தைக் கைவிட்டு, திருவள்ளூரில் விடியுமுன் ரயிலேறி, அரக்கோணத்தில் பெங்களூர் வண்டிக்கு மாறி, பங்காருப்பேட்டையில் இறங்கினோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நண்பர் மூவர் உடன் வந்தனர். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் பத்து மைல் கிளைப்பாதை 1894-இல் தங்கச் சுரங்கங்களுக்காகவே திறக்கப்பட்டது. இப்போது அதில் பிரயாணம் செய்வோர், நாள்தோறும் இருட்டோடு பெங்களூருக்குப் பிழைக்கப் போய் இருட்டோடு வீடு திரும்பும் சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரப்பிள்ளைகளுமாவர்.

2018-இல் வெளிவந்த கன்னடச் சினிமாவொன்று இவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சயனைடு மேடுகளின்மீது ஏறிப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். பாறையைப் பொடியாக்கி, சயனைடால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணே அம்மேடுகள். புல்லும் முளைக்கத் தயங்குமிடம். காற்றடித்தால் அந்தத் தூசு வீடுகளுக்குள் புகும். படமெடுப்போர் அதன் அடிவாரத்துத் தெருக்களிலும் ஒரு மணி நேரம் நடந்து பார்ப்பார்களாக.

இவ்வூரின் கதையைக் கேட்டால் முதலில் வருபவை ஐரோப்பியர் பெயர்களே. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த வாரன் என்னும் லெப்டினென்ட், இங்குள்ள கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன்னெடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய ஐரிஷ்காரர் லாவெல் அக்குறிப்பைப் படித்து, 1870-களில் மைசூர் சர்க்காரிடம் உரிமை பெற்றார். 1880 முதல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியின் ஆட்சி. லாவெல் தங்கத்தைக் ‘கண்டுபிடித்தார்’ என்கிறார்கள். அப்படியானால் அதற்கு முன்பே மண் கழுவிக்கொண்டிருந்த கிராமத்தார் எதைக் கண்டார்களென்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

கம்பெனிக்கு வேண்டியது மூலதனமும் முதுகும். மூலதனம் லண்டனிலிருந்து வந்தது. முதுகு பெரும்பாலும் வட ஆற்காடு முதலிய தமிழ் ஜில்லாக்களிலிருந்து போயிற்று. போனவர்களில் மிகுதியானோர் ஆதிதிராவிடர். ஊரில் பண்ணையாரின் கட்டளைக்கு அஞ்சி வாழ்ந்தவர்க்கு, பாதாளத்தில் உயிரைப் பணயம் வைத்தாவது கையில் ரொக்கக் கூலி கிடைப்பது ஒரு விடுதலையாகவே தோன்றியிருக்கும். துரைமார்க்குப் பங்களாவும் கிளப்பும். கூலிகளுக்கு மூங்கில் தட்டிக் குடிசைகள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி இழுத்து மின்சாரம் கொணர்ந்தனர். பெங்களூருக்கே அது 1905-இல்தான் கிட்டியது. யந்திரங்களுக்கு இருந்த அவசரம் அத்தகையது.

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமுடையது. அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். மேலுள்ள பாரம் தாங்காமல் பாறை திடீரெனத் தானே வெடித்துச் சிதறும். தப்பினவரையும் கல்தூசு விடுவதில்லை. 1940-46-இல் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டவர்க்கு அத்தூசினால் நுரையீரல் நோய் கண்டிருந்தது. அதே சுரங்கத்தில் 1965-இல் நம் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றனர் என்பதையும் குறிப்பிடாமல் விடலாகாது.

ஆயினும் இவர்களை வெறும் கூலிக் கூட்டமென்று எண்ணுவது பெரும் பிழை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ பத்திரிகைக்கு இங்கே ஊக்கமுள்ள ஆதரவாளர்கள் இருந்தனர். சாம்பியன் ரீப்பிலிருந்து சித்தார்த்தா புத்தகசாலை தமிழ்ப் பௌத்த நூல்களை வெளியிட்டது. பகலெல்லாம் பாறை குடைந்தவர்கள் மாலையில் கூடி நூல் படித்த ஊர் இது. 1930-இல், ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை பதிய வேண்டுமென்று விதித்தபோது, தாங்கள் குற்றவாளிகளல்லரென்று சொல்லி ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் சர்க்காருக்கும், 1962-இல் மத்திய சர்க்காருக்கும் வந்தன. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. சுமார் 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுரங்கத்தில் கழித்த முதியவரொருவரை வீதியில் சந்தித்தோம். தங்கத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டதற்கு அவர் நகைத்தார். தாம் பார்த்தது கல்லேயென்றும், தங்கம் பார்த்தது மகளின் கல்யாணத்திற்குக் கடன் வாங்கி நகை வாங்கிய அன்றேயென்றும் சொன்னார்.

ஞாயிறு இரவு திரும்புகையில் நம் நண்பர்கள் நெடுநேரம் பேசவில்லை. வண்டி காட்பாடியைக் கடந்தபின், அவர்களில் ஒருவர் தம் தொழிற்சாலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கே பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் தகரக் கொட்டகையொன்றில் பத்துப் பேராகத் தங்கியிருக்கிறார்களாம். காண்டிராக்டரின் பெயர் தெரியுமே தவிர, கம்பெனியின் பெயரை அவர்களில் பலர் அறியாராம். காலையில் வாயிலிலுள்ள யந்திரத்தில் பெருவிரலைப் பதித்த பிறகே அவர்கள் உள்ளே போக முடியும். 1930-இல் கோலாரில் வேலைநிறுத்தம் எத்தனை நாள் நடந்ததென்று அவர் நம்மைக் கேட்டார். பிறகு தம் பெருவிரலையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.