தண்ணீரில் குளிர்காயும் செடிகள்

தண்ணீர் பாய்ச்சுவது எதற்காக? திருநெல்வேலிச் சீமையில் யாரைக் கேட்டாலும், "பயிரின் தாகம் தீர்க்கத்தான்" என்று சொல்வார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் குறுக்கே, கோடைமேலழகியான் தொடங்கி திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் எல்லாம் அந்தத் தாகத்தைத் தீர்க்கவே ஓடுகின்றன.

ஆனால் நீலகிரி மலைமேல் உள்ள உதகமண்டலத்தில் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. குளிரிலிருந்து செடிகளைக் காப்பதற்கும் அங்கே தண்ணீர் தெளிக்கிறார்கள்!

இது என்ன வேடிக்கை என்று உங்களுக்குத் தோன்றலாம். குளிரால் வாடும் செடியின்மேல் பச்சைத் தண்ணீரைத் தெளிப்பது, காய்ச்சல்காரனை மழையில் நிறுத்துவது போல அல்லவா? இதற்கு விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

மலைத் தோட்டத்தின் பகைவன்

உதகை அரசினர் தாவரவியல் பூங்கா 1848-ஆம் ஆண்டு, வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பவரால் தொட்டபெட்டா மலைச் சரிவில் அமைக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் மலர்க் கண்காட்சியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இப்பூங்காவின் பெரும் பகைவன் உறைபனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில் புல்வெளி வெள்ளைப் போர்வை போர்த்தாற்போல் ஆகிவிடும். குளிர்நாட்டு மரங்கள் பல, பனிக்காலம் வருமுன்பே இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போய்விடுகின்றன. உதகையிலோ அப்படி இல்லை. பகலில் 20 டிகிரி செல்சியஸ் வரை இதமான வெயில். விடியற்காலையில் 0 டிகிரியை ஒட்டிய குளிர். செடி பகலெல்லாம் தளிர்விட்டு வளர்கிறது. அதே தளிர் இரவில் உறைபனியிடம் சிக்குகிறது. தேயிலைக் கொழுந்து கருகினால் சிறு விவசாயிக்குப் பல வார வருமானம் போயிற்று என்று பொருள்.

வெப்பத்தைப் பறிக்கும் வானம்

செடியின் வெப்பம் எங்கே போகிறது? காற்று எடுத்துக்கொள்கிறது என்பீர்கள். ஓரளவுதான் உண்மை. பெரும் பகுதியை எடுத்துக்கொள்வது வானம்.

எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வீசிக்கொண்டே இருக்கின்றன. மேகமூட்டமான இரவில், தரை வீசும் கதிர்களை மேகம் உட்கொண்டு பெருமளவைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால் திரும்பி வருவது குறைவு. கொடுப்பது மிகுந்து வாங்குவது குறைந்தால் கையிருப்பு கரையத்தானே செய்யும்? ஆகவேதான், தரைக்குச் சற்று மேலே தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே, வானம் பார்த்துக் கிடக்கும் புல் 0 டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது.

நம் நாட்டார் இதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி தயாரித்த முறையைச் சர் ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்தார். ஆழமில்லாத குழிகளில் வைக்கோல் போன்ற உலர்ந்த தட்டைகளைப் பரப்புவார்கள். அதன்மேல் சிறிய மண் தட்டுகளை அடுக்கி, மாலையில் நீர் ஊற்றி வைப்பார்கள். விடியுமுன் பனிக்கட்டி! ஊர்க் குளம் உறையாது. தட்டு நீர் உறைந்துவிடும். அடியிலிருந்து வரும் நில வெப்பத்தை வைக்கோல் தடுத்துவிடுகிறது. மண் தட்டில் கசியும் நீர் ஆவியாகிக் குளிர்விக்கிறது. மேலே வானம் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

இதற்கான விளக்கத்தை 1814-இல் வெளியிட்டவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். பனித்துளி பற்றி ஆராய்ந்த அவர், தோட்டக்காரர்கள் மெல்லிய பாயை விரித்துச் செடிகளைக் காப்பதைக் கண்டு தாம் முன்பு நகைத்ததுண்டு என்று எழுதினார். இத்தனை மெல்லிய பாய் காற்றின் குளிரை எப்படித் தடுக்கும் என்பது அவர் ஐயம். பாய் தடுப்பது காற்றை அன்று, செடிக்கும் வானத்துக்கும் இடையிலான பார்வையை என்பது சோதனைகளில் விளங்கிற்று. உதகைப் பூங்காவில் மாலை நேரங்களில் நாற்றுகளின்மேல் தழை அடர்ந்த மிலாறுகளைப் பரப்பி மூடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

குளிர்காற்றுக்கும் மடை வேண்டும்

உறைபனி ஊர் முழுதும் ஒரே அளவில் விழுவதில்லை. குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான வெளிகளில் மிகுதி, சரிவுகளில் குறைவு. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும்.

வாய்க்கால் நீரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மலைச் சரிவின் குறுக்கே அடர்ந்த வேலி வைத்தால் அது குளிர்காற்றுக்கு அணைக்கட்டு ஆகிவிடும்! வேலிக்கு மேல்புறம் உள்ள செடிகள் தேங்கிய குளிரில் மூழ்கும். எனவே வேலியில் ஆங்காங்கே இடைவெளி, அதாவது மடை, விட வேண்டும். மென்மையான செடிகளைச் சரிவிலும், குளிர் தாங்குபவற்றைப் பள்ளத்திலும் நடுவது நல்லது. இதற்குக் காசு செலவில்லை. நடுவதற்கு முன் யோசித்தால் போதும்.

தண்ணீர் தரும் வெப்பம்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 1 கிராம் நீர் 1 டிகிரி குளிரும்போது 1 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. ஆனால் 0 டிகிரியில் உள்ள 1 கிராம் நீர் அதே 0 டிகிரியில் பனிக்கட்டியாக மாறும்போது 80 கலோரியை, அதாவது சுமார் 334 ஜூலை, வெளியிடுகிறது. இதுவே உள்ளுறை வெப்பம். பனிக்கட்டியை உருக்க நாம் கொடுக்கும் வெப்பத்தை, உறையும்போது நீர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இலைமேல் தெளித்த நீர் உறையும்போது அந்த வெப்பம் இலைக்கும் கிடைக்கிறது. ஈரம் தொடர்ந்து வந்து உறைந்துகொண்டிருக்கும் வரை, பனிக்கட்டி உறையின் வெப்பநிலை 0 டிகிரியை விட்டு அதிகம் இறங்காது. இலைச்சாற்றில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது உறைவதற்கு 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போகவேண்டும். அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் செடி உயிர் பிழைக்கிறது. வெளியே பனிக்கட்டிச் சட்டை. உள்ளே உறையாத இலை! அமெரிக்காவில் புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களிலும் ஸ்ட்ராபெரி வயல்களிலும் இம்முறையைக் கையாளுகிறார்கள்.

எவ்வளவு நீர் வேண்டும்? தெளிந்த இரவில் 1 சதுர மீட்டர் பரப்பு மணிக்குச் சுமார் 80 கிலோ கலோரி வரை வானத்துக்கு இழக்கிறது என்று கொள்வோம். 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் தெளித்தால் அப்பரப்பில் 1 லிட்டர் விழும். அது முழுதும் உறைந்தால் 80 கிலோ கலோரி கிடைக்கும். கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் காற்று வீசும், கொஞ்சம் நீர் உறையாமல் வழியும், கொஞ்சம் ஆவியாகும். ஆகையால் மணிக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

பாதியில் நிறுத்தினால்?

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. 1 கிராம் நீர் உறைந்தால் 80 கலோரி கொடுக்கிறது. 1 கிராம் நீர் ஆவியானாலோ சுமார் 600 கலோரியை எடுத்துச் செல்கிறது. அதாவது ஒரு கிராம் ஆவியாவதால் ஏற்படும் நட்டத்தை ஈடுசெய்ய ஏழரை கிராம் உறையவேண்டும்!

நள்ளிரவில் தெளிக்கத் தொடங்கி மூன்று மணிக்கு தொட்டி வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது நீர் உறைவது நின்றுவிடும். நனைந்த இலையிலிருந்து ஆவியாதல் மட்டும் நடக்கும். தண்ணீரே தெளிக்காமல் விட்ட செடியைவிட இந்தச் செடி அதிகமாகக் குளிர்ந்து கருகிப்போகும். தொடங்கினால் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக்கூடாது. முடியாதென்றால் தொடங்கவே கூடாது.

ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். மணிக்கு 3 மில்லிமீட்டர் வீதம் 12,000 லிட்டர். நள்ளிரவு முதல் காலை ஏழு மணி வரை 84,000 லிட்டர்! வடகிழக்குப் பருவமழை முடிந்து நீரூற்றுகள் இளைக்கும் காலத்தில் எத்தனை விவசாயிகளால் இது முடியும்?

எது முதலில், எது கடைசியில்?

ஆகவே செலவில்லாதவற்றை முதலில் செய்யவேண்டும். இடம் பார்த்து நடுவது முதலாவது. அடுத்தது, முந்தின நாள் பகலிலேயே மண்ணை நனைத்து வைப்பது. ஈர மண் பகல் வெப்பத்தை அதிகமாகச் சேமித்து, இரவில் செடிக்குக் கொடுக்கும். காய்ந்த புழுதி மண்ணால் இது இயலாது. உறைபனிக் காலத்தில் செடியின் அடியில் வைக்கோல் பரப்புவதும் கூடாது. ஏன் என்று அலகாபாத் பனிக்கட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள் அல்லவா? அதே வைக்கோலைச் செடிக்கு மேலே பந்தலாகப் போட்டால் பாதுகாப்பு. இது மூன்றாவது. தெளிப்பு நீர் கடைசி ஆயுதம்.

உதகைப் பூங்காவில் அதிகாலையில் தண்ணீர் தெளிப்பது, வெயில் ஏறுமுன் இலைமேல் படிந்த உறைபனியைக் கழுவுவதற்காக. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1 கிராம் பனிக்கட்டியை உருக்க, 10 டிகிரி நீர் 8 கிராம் வேண்டும். எனவே தாராளமாகத் தெளிக்கவேண்டும்.

கனடா போன்ற நாடுகளில் குளிர்காலம் முழுவதும் நிலமே உறைந்துவிடும். நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுவதால் பாசனக் குழாய்கள் வெடித்துவிடும். அதனால் குளிர்காலம் தொடங்குமுன்பே அழுத்தக் காற்றைச் செலுத்தி, குழாய்களிலுள்ள நீரையெல்லாம் வெளியேற்றிவிடுவார்கள். உதகையில் பகை சில மணி நேரத்துக்குத்தான் என்பதால், அதே நீரைத் துணைக்கு அழைக்க முடிகிறது.

செய்து பாருங்கள்

திருநெல்வேலியில் உறைபனி இல்லை. ஆனால் வானம் எல்லா ஊருக்கும் பொது. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத ஓர் இரவு, மொட்டை மாடியில் ஒரே அளவான இரண்டு வைக்கோல் மெத்தைகள் அமையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெப்பமானியைக் கிடத்துங்கள். ஒன்றின் நான்கு புறமும் குச்சி நட்டு, ஓரடி உயரத்தில் பழைய வேட்டித் துணியைப் பந்தல் போலக் கட்டுங்கள். மற்றது திறந்தே இருக்கட்டும். விடியுமுன் எழுந்து இரண்டையும் படித்து எழுதிக்கொள்ளுங்கள். மேகம் சூழ்ந்த மற்றோர் இரவிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

பிறகு ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, உலர்ந்த வெப்பமானி ஒன்றையும் அருகில் வைத்து, மின்விசிறிக் காற்றில் காட்டுங்கள். இரண்டுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? பாதி இரவில் தண்ணீர் தீர்ந்துபோன தோட்டத்தில் செடி ஏன் கருகுகிறது என்பதை அந்த எண்ணே உங்களுக்குச் சொல்லிவிடும்.