காமிரா வாங்கப் போகிறவர்களுக்கு

ஒரு குடும்பத்தில் காமிரா வாங்குவதென்ற பேச்சு எழுந்துவிட்டால், அன்றே அங்கு இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "கையிலுள்ள செல்பேசி போதாதா?" என்பது ஒரு கட்சி. "வாங்குவதென்றால் பெரிதாகவே வாங்கிவிட வேண்டும்" என்பது மற்றொன்று. இரு கட்சியாரும் கடைக்குச் சென்றதும் கடைக்காரர் மூன்றாவது கட்சியாக வந்து சேர்கிறார். "இது முப்பது மடங்கு ஜூம், ஸார்!" என்று அவர் சொன்ன மாத்திரத்தில் விவாதம் முடிந்து, பணப்பை திறந்துவிடுகிறது. பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாயிற்றே! அந்த 'மடங்கு' என்னும் சொல்லின் பொருளை ஆராய்ந்த பிறகு அதைச் செலவிடுவதே விவேகமாகும்.

ஜூம் லென்ஸ் என்பது குவியத் தொலைவை மாற்றிக்கொள்ளக்கூடிய லென்ஸ். அத்தொலைவு குறைந்தால் காட்சி விரியும். கூடினால் காட்சி குறுகி, தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். 35 மி.மீ. படச்சுருள் காமிராக்களுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959-ல் வெளிவந்த 'ஜூமார்' என்பது. அது 36 முதல் 82 மி.மீ. வரை சென்றது. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய இரண்டேகால். 'மடங்கு' என்று கடைக்காரர் சொல்வது இந்த ஈவைத்தான். பொருள் எவ்வளவு அருகில் தெரியும் என்பதையன்று.

இதை உதாரணத்தால் விளக்குவோம். 18–200 மி.மீ. லென்ஸ் பதினொரு மடங்கு. 70–300 மி.மீ. லென்ஸோ நான்கு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆயினும், வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, நீரிடையே மரத்தில் அமர்ந்திருக்கும் நாரையைப் படம்பிடிக்க எது உதவும்? நான்கு மடங்குதான்! அதன் கடைசி எண் 300 அல்லவா?

அப்படியாயின், சிறிய காமிராவுக்கு முப்பது மடங்கு எவ்வாறு வந்தது? அதனுள் ஒளியை வாங்கும் சென்ஸார் பெரும்பாலும் 6 மி.மீ. அகலமே உள்ளது; பழைய படச்சுருளின் அளவோ 36 மி.மீ. அகலம். சென்ஸார் சிறுத்தால் சிறு லென்ஸைக் கொண்டே தூரத்தை எட்டலாம். நல்ல வெயிலில் அது திருப்தியாகவே வேலை செய்யும். விளக்கு வெளிச்சத்திலோ படமெங்கும் புள்ளி விழுந்து, முகம் கலங்கிவிடும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. குடும்பத்தார் போற்றிப் பாதுகாக்கும் படங்களில் பெரும்பாலானவை எங்கே எடுக்கப்படுகின்றன? கல்யாண மண்டபத்திலும், பள்ளி ஆண்டு விழா மேடையிலும், மாலை வேளையில் வீட்டுக் கூடத்திலுந்தான். அங்கெல்லாம் நமக்கு வேண்டுவது தூரமன்று, வெளிச்சம். லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்பதை எப் எண் காட்டும். பின்னத்தில் கீழெண் பெருகப் பெருக மதிப்புக் குறைவதுபோல, இந்த எண் பெருகினால் ஒளி குறையும். காமிராவுடன் சேர்த்து விற்கும் சாதாரண 18–55 மி.மீ. ஜூம், அதன் நீண்ட முனையில் பெரும்பாலும் எப் 5.6 ஆகிவிடுகிறது. எப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸ், ஜூம் இல்லாதது, விலையும் குறைந்தது. எனினும் அதைவிடச் சுமார் பத்து மடங்கு ஒளியை விடுகிறது. பத்தில் ஒரு விநாடி பிடிக்க வேண்டிய படத்தை நூற்றில் ஒரு விநாடியில் பிடித்துவிடலாம். மேடையில் நாட்டியமாடும் குழந்தையின் முகம் தெளிவாக விழுவதும், வெறும் நிழலாகப் போவதும் இந்த வித்தியாசத்தால்தான். அந்தக் குழந்தை மறுநாள் நமக்காக அதே வயதில் மறுபடியும் ஆடப்போவதில்லை. கை நடுக்கத்தைத் தணிக்கும் கருவி லென்ஸில் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். அது நம் கையின் ஆட்டத்தைத் தணிக்குமேயன்றிக் குழந்தையின் ஆட்டத்தை நிறுத்தாது.

வெளிச்சமும் வேண்டும், தூரமும் வேண்டும் என்றால் 70–200 மி.மீ., எப் 2.8 லென்ஸ் இருக்கவே இருக்கிறது. எடை ஒரு கிலோவுக்கு மேல். விலையோ காமிராவின் விலையையே விழுங்கிவிடும். பிரயாணத்தின்போது அலமாரியில் விட்டுச் செல்லும் லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததாயினும் பிரயோஜனம் என்ன?

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் ஒரு சிறு சோதனை செய்யலாம். செல்பேசியில் இதுவரை எடுத்த படங்களுள் நமக்குப் பிடித்த நூறு படங்களை எடுத்துப் பார்ப்போம். அவற்றுள் பெரும்பாலானவை மனிதர்களின் முகங்களாயின், சாதாரண ஜூம் ஒன்றும் எப் 1.8 லென்ஸ் ஒன்றும் போதும். பறவையும் விளையாட்டு மைதானமும் மிகுதியானால் 70–300 வாங்கலாம். இரண்டும் இல்லையேல், செல்பேசிக் கட்சியாரே ஜெயித்தார்கள் என்று ஒப்புக்கொண்டு, பணத்தை வங்கியில் வைப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

பழைய லென்ஸ் வாங்குவதும் தகும். காமிரா பழசாகும் வேகத்தில் லென்ஸ் பழசாவதில்லை. கேனன், நிக்கான் இரண்டும் 2018-ல் புதிய மவுண்டுகளைக் கொண்டுவந்தபோதிலும், அவற்றின் பழைய லென்ஸ்களைத் தக்க அடாப்டர் கொண்டு புதிய காமிராவில் பொருத்தலாம். சில பழைய நிக்கான் லென்ஸ்களைக் கையால் திருகித்தான் குவிக்க வேண்டியிருக்கும். வாங்குமுன் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே சிலந்தி வலைபோல் பூசணம் படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கடலோர ஊர்களில் தோல் உறைக்குள் லென்ஸைப் பூட்டி வைப்பது பூசணத்துக்கு விருந்து வைப்பதாகும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பதே உத்தமம்.

தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரரான மா. கிருஷ்ணன் (1912–1996) பல உறுப்புக்களைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட காமிராவால் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்துப் புகழ் பெற்றார். யானையின் இயல்பை அவர் அறிந்திருந்தார். எப்பொழுது, எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். அந்த அறிவு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று. நம் வீட்டு மனிதர்களைப் பொறுத்தவரையில் அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டி எப்பொழுது சிரிப்பாள் என்பது கடைக்காரருக்குத் தெரியாது; நமக்குத் தெரியும்.