கேட்கத் தயங்காதீர்கள்

பழைய இந்திப் படப் பாடல்களில் இழுத்து இழைந்துவரும் தந்தியோசையைக் கேட்டிருப்பீர்கள். அதுதான் ஸ்டீல் கிற்றார். மடியில் கிடத்தி, உருக்குத் துண்டொன்றைத் தந்திகள்மீது நகர்த்தி வாசிப்பார்கள். ஹவாய்த் தீவில் பிறந்த அக்கலையை, 1940களில் கல்கத்தாவில் தங்கிய டாவ் மோ இந்தியாவில் பரப்பினார்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டிவிட் ஸ்காட் என்பவர் இக்கலைஞர்களுக்கெனப் பல்லாண்டுகள் மாநாடு நடத்தினார். வீட்டில் தனித்துப் பழகியவருக்கு அத்தகைய இடத்தில் முதல் நாள் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இசைத்தட்டு காட்டாத கையசைவை அங்கே கண்ணால் காணலாம். அருகில் சென்று கேட்கலாம்.

நம் வாவிக்கரைப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். உங்கள் மகள் தையலோ நெசவோ பழகுகிறாளா? அத்தொழிலில் தேர்ந்தவர்கள் கூடுமிடத்துக்கு ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். முன்வரிசையில் அமர்த்துங்கள். ஒரு கேள்வியாவது கேட்கச் சொல்லுங்கள். தனியே ஆறு மாதம் தடுமாறியது அன்றே தெளிந்துவிடக்கூடும்.