ஓரிடத்து ஈறு நோய்

வாய் முழுவதும் நலமாயிருக்க, ஒரே ஒரு கடைவாய்ப் பல்லைச் சுற்றிய ஈறு மட்டும் சிவந்து தடித்திருக்கிறது. பல் துலக்குங்கால் அவ்விடத்தில் இரத்தம் கசிகிறது. காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்திலே ஒரு கெட்ட சுவை. வலி என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. இந்நிலையில் நாம் செய்வது என்ன? கிராம்புத் தைலம் தடவுகிறோம். உப்பு நீர் கொப்பளிக்கிறோம். "மே மாதம் ஊருக்குப் போகும்போது நம் வைத்தியரிடம் காட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

கேடு விளைவது இத்தள்ளிப்போடுதலில்தான். ஈற்றின் விளிம்போடு நின்ற அழற்சி முற்றிலும் குணமாகக் கூடியது. அது வேர்ப்பக்கம் இறங்கிவிட்டாலோ, பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரையத் தொடங்குகிறது. பெரும்பாலும் வலியின்றியே கரைகிறது. கரைந்த எலும்பு முழுவதும் மீளுதல் அரிது. பல் ஆடத் தொடங்கிய பின் ஊருக்குச் சென்றால், அங்குள்ள வைத்தியருக்கும் அதனைப் பிடுங்குவதன்றி வேறு வழி இல்லாமற் போகலாம்.

முன்னாளில் பையோரியா என்ற ஒரே பெயரால் சுட்டப்பட்ட இந்நோயை இன்று வகைப்படுத்திக் கூறுவர். 2018 ஆம் ஆண்டில் வெளியான பகுப்பின்படி, வாயிலுள்ள பற்களில் நூற்றுக்கு 30 விழுக்காட்டிற்குக் குறைவானவை நோயுற்றிருப்பின் அஃது ஓரிடத்து நோய். ஆனால் நமக்கு முதன்மையானது இவ்வெண்ணிக்கையன்று. 'மற்ற பற்களெல்லாம் தப்பியிருக்க, இங்கே மட்டும் ஏன்?' என்னும் கேள்வியே. இக்கேள்விக்கு விடை காணாத வைத்தியம் அரை வைத்தியமே.

விடை பல சமயம் எளியது. இரு கடைவாய்ப் பற்களுக்கிடையே சிறு இடைவெளி ஏற்பட்டு, ஒவ்வொரு வேளையும் அங்கே கீரை நாரோ இறைச்சி நாரோ சிக்கிக்கொள்கிறது. குண்டூசியாலும் தீக்குச்சியாலும் குத்தி எடுத்து ஈற்றை மேலும் புண்ணாக்குகிறோம். அல்லது, எப்போதோ அடைத்த பல்லடைப்பின் விளிம்பு துருத்திக்கொண்டு நின்று அழுக்கைத் தேக்குகிறது. பொருந்தாத பல்லுறையும் அவ்வாறே. கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்திலும், மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் பற்காரை மிகுதியாகப் படிவதற்குக் காரணம், உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அவ்விடங்களுக்கு அருகே திறப்பதாகும். பாதி முளைத்து நிற்கும் ஞானப்பல்லின்மேல் கிடக்கும் ஈற்று மடல் வேறொரு காரணம்.

இனி, கண்டறியும் முறை. கண்ணால் பார்த்து மட்டும் இந்நோயின் ஆழத்தை அறிய இயலாது. வைத்தியர் மில்லிமீட்டர் கோடுகள் குறித்த ஒரு மெல்லிய கருவியைப் பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் அளப்பார். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4 அல்லது அதற்கு மேல் இருந்து இரத்தமும் கசிந்தால், அங்கே நோய்ப்பை உண்டாகியிருக்கலாம். எலும்பு எந்த அளவு, எந்த வடிவில் கரைந்துள்ளது என்பதை எக்ஸ்ரே படம் காட்டும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கருவி ஆழமாக இறங்குமாயின், வேரில் கீறல் இருக்குமோ என்று ஐயுறுவர்.

சீழ் காணும்போது மற்றொரு சோதனை இன்றியமையாதது. சீழ் ஈற்றுப் பையிலிருந்தும் வரலாம். உள்நரம்பு இறந்துபோன பல்லின் வேர்நுனியிலிருந்தும் வந்து ஈற்றின் வழியே வெளிப்படலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பல்லின்மேல் குளிர்ச்சியை வைத்துப் பார்த்து, உணர்வு உண்டா இல்லையா என்று வைத்தியர் தெரிந்துகொள்வார். உணர்விருந்தால் கோளாறு பெரும்பாலும் ஈற்றில். இல்லையேல் வேர்க்குழாய்ச் சிகிச்சை வேண்டியிருக்கும். இதனை ஆராயாது ஈற்றை மட்டும் சுரண்டிப் பயனில்லை.

புகைப்பவர்க்கு ஈற்றில் இரத்தக் கசிவு குறைவாகவே தோன்றும். ஆதலின் 'இரத்தம் வரவில்லை, நோயில்லை' என்று அவர்கள் ஏமாறலாகாது. மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி என்று வழங்கும் புகையிலைப் பல்பொடியையும், ஒடிசாவில் குடாக்கு என்று வழங்கும் புகையிலைப் பசையையும் அக்கம்பக்கத்தாரைப் பார்த்து நம்மவரும் சிலர் கைக்கொண்டுவிடுகின்றனர். ஈற்றுக்கு மருந்தென்று எண்ணித் தேய்க்கும் அப்பொருள் ஈற்றையே கெடுப்பது. வாய்ப்புற்றுக்கும் வழி வகுப்பது.

பெற்றோர் அறியவேண்டிய ஒன்று. பூப்புப் பருவத்தை ஒட்டிய சிறுவர் சிறுமியர் சிலருக்கு, முதற் கடைவாய்ப் பற்களிலும் முன்வெட்டுப் பற்களிலும் மட்டும் எலும்பு விரைந்து கரையும். வாயில் அழுக்கும் அதிகம் காணப்படாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பின் உடன்பிறந்தோரையும் சோதித்தல் வேண்டும். இவ்வகையில் சுத்தம் செய்வதோடு நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும் சேர்த்துத் தரப்படுவதுண்டு.

ஏனையோர்க்கு மாத்திரை தலையாய மருந்தன்று. மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி விழுங்கினால் வீக்கம் சில நாள் தணியும். வேரில் ஒட்டிய பற்காரை அப்படியே இருக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈற்றின்கீழ் வேரைச் சுத்தம் செய்வதே அடிப்படைச் சிகிச்சை. அதனுடன் துருத்திய அடைப்பையும் திருத்தவேண்டும், இடைவெளியையும் சரிசெய்யவேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் அளப்பர். அப்போதும் பை ஆழமாயிருந்தால் ஈற்றைத் திறந்து சிறு அறுவை செய்வதுண்டு.

'சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்' என்னும் அச்சம் எம்மாநிலத்திலும் உண்டு. எலும்பு முன்னமே கரைந்திருக்க, கெட்டித்த காரை பற்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும். காரை அகன்றதும் உள்ள ஆட்டம் வெளிப்படுகிறதேயன்றிப் புதிதாக உண்டாவதில்லை. வீக்கம் வற்றுவதால் ஈறு சற்று இறங்குவதும், குளிர்நீர் கூசுவதும் சிலருக்கு நேரும்; கூச்சம் பெரும்பாலும் நாளடைவில் தணியும்.

காய்ச்சலுடன் முகம் வீங்கினாலும், வாய் திறக்க முடியாவிட்டாலும் அன்றே செல்லவேண்டும். ஈற்றுப் புண் இரண்டு வாரத்தில் ஆறாவிடில் அதனை ஈறு நோயென்று விட்டுவிடலாகாது. வைத்தியர் பார்த்துத் தேவைப்பட்டால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பார். ஈற்றுக் கட்டி திரும்பத் திரும்ப வருபவர் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளல் நலம்.

எங்கே செல்வது? நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரி 1920 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுதீன் அகமது தொடங்கியது. இன்றும் அவர் பெயரால் நடைபெறுகிறது. மும்பையில் நாயர் பல் மருத்துவக் கல்லூரி 1933 முதல் இருந்துவருகிறது. இத்தகைய பொதுக் கல்லூரி மருத்துவமனைகளில் ஈறு நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. செலவும் தனியாரிடத்தினும் குறைவு. மொழி தெரியவில்லையே என்று தயங்குவோர்க்கு ஒரு சொல் போதும்: ஈற்றை இந்தியில் மசூடா என்பர்; மராத்தியில் ஹிரடி; கன்னடத்தில் வசடு; தெலுங்கில் சிகுரு; வங்காளியில் மாடி. நம் செவிக்கு மெத்தை வீட்டை நினைவூட்டும் இச்சொல்லை வங்காள வைத்தியர் சரியாகவே புரிந்துகொள்வார். அளந்த மில்லிமீட்டர் எண்களைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, எக்ஸ்ரே படத்துடன் வைத்துக்கொண்டால், விடுமுறையில் ஊர் வைத்தியரும் அதனோடு ஒப்பிட்டு அளந்து பார்க்கலாம்.